நாகம்மாக்கா வீட்ல இடமில்ல

"யாரும் கோட்டு, தொப்பி, மாஸ்க் எதையும் கழட்டக்கூடாது. பஸ் ஏறி உக்காந்தப்புறம்தான். நாளைக்குக் காலையில கொண்டாந்தாப் போதும்."

ஷிஃப்ட் முடியற நேரத்துல லைன் லீடர் நாகம்மாக்கா இப்படிச் சொன்னதும் எங்களுக்கு எரிச்சல் பொத்துக்கிட்டு வந்துச்சு. காலையிலருந்து மூக்கை மூடிக்கிட்டு செல்போன் பார்ட்ஸ் கோத்து மூச்சே முட்டுது. வெளியில வந்தாவது காத்து வாங்க வேணாமா?

"எதுக்குக்கா?"ன்னு கேட்டேன்.

"சொன்னாச் செய், அஸ்பியா. வாய் பேசாத."

அந்தம்மாவைக் கண்டாலே எனக்கு ஆகாது. காரணம், பிரியதர்ஷினி.

போன மாசம் ஒரு பையோட அவளைக் கூட்டிக்கிட்டு வந்து, "புருஷன் போட்டு அடிக்கிறான். கொஞ்ச நாள் உன் வீட்டுல வச்சுக்க"ன்னாங்க. பொண்ணு கழுத்துல விரல் தடம் அப்படியே பதிஞ்சு கிடந்துச்சு.

"வச்சுக்கறேன். ஆனா மத்திகிரியில எங்களுக்கு ஒத்தை ரூமுக்கா. நானும் அம்மாவும் காலை நீட்டுனா செவுரு இடிக்கும். உங்களுக்குத் தொரப்பள்ளியில மாடி வீடே இருக்கே?"

"என் வீட்ல இடமில்ல."

மாடி வீட்ல இடமில்லையாம்! கேட்டீங்களா அநியாயத்தை?

எங்க லைன்லயே அவளுக்கு வேலையும் வாங்கிக் குடுத்தாங்க, இல்லேங்கல. ஆனா ஒரு சிரிப்பு கிடையாது, ஒரு நல்ல வார்த்தை கிடையாது. "கையை ஓட்டு, கையை ஓட்டு"ன்னு அவளையே விரட்டுவாங்க.

"கல்நெஞ்சுக்காரி"ம்பேன் நான்.

"அப்படிச் சொல்லாதீங்கக்கா"ம்பா பிரியா. அதுக்கு மேல வாயே திறக்க மாட்டா.

அன்னிக்கு முணுமுணுத்துக்கிட்டேதான் வெளியில வந்தோம். சில பேரு வீம்புக்குன்னே மாஸ்கைக் கழட்டிட்டாளுங்க.

கேட்டுல ஒருத்தன் நின்னுக்கிட்டிருந்தான். வர்றவங்க மூஞ்சிக்கு நேரா போனை நீட்டுறான்.

"இவ என் பொண்டாட்டி. இங்கதான் வேலை பாக்கறாளாம். எங்க இருக்கா?"

போன்ல பிரியாவோட கல்யாண போட்டோ!

பக்கத்துல வந்துக்கிட்டிருந்த பிரியா என் கையைப் பிடிச்சுக்கிட்டு முதுகுக்குப் பின்னாடி ஒண்டிக்கிட்டா.

அப்புறம் நடந்ததை நினைச்சா இப்பவும் எனக்கு உடம்பு சிலிர்க்குது. மாஸ்கைக் கழட்டினவளுங்க எல்லாம் திருப்பி மாட்டிக்கிட்டாளுங்க. யாரும் யாருக்கும் சொல்லல. அத்தனை பொம்பளைங்களும் ஒரே நீலக் கோட்டு, ஒரே வெள்ளைத் தொப்பி. "பார்த்ததே இல்லப்பா"ன்னு சொல்லிட்டு போய்க்கிட்டே இருக்காங்க. எந்தக் கண்ணைன்னு பார்ப்பான் அவன்?

எங்க முறை வந்துச்சு.

"பேக பாரே, பஸ்ஸு ஹோக்தைதே!" சீக்கிரம் வாடி, பஸ்ஸு போகுதுன்னு கன்னடத்துல அதட்டி பிரியாவை இழுத்தேன். கன்னடக்காரிங்கன்னு எங்களை விட்டுட்டு அடுத்தவகிட்ட போயிட்டான்.

யா அல்லா! பஸ்ல உக்காந்தப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. அக்கா எதுக்கு மாஸ்கைக் கழட்டாதன்னாங்கன்னும் அப்பத்தான் உறைச்சுது.

ஜன்னல் வழியா பார்த்தா, கடைசியா நாகம்மாக்கா தனியா வர்றாங்க. அவங்க மட்டும் மாஸ்க், தொப்பி எதுவும் போடல. நேரா அவன்கிட்டயே போனாங்க.

"எத்தனை பேரைக் கேட்டாலும் ஒருத்தியும் சொல்ல மாட்டா. போ."

அவன் கையை ஓங்கிட்டான். வாட்ச்மேன் ஓடி வந்து பிடிச்சாரு. அக்கா நின்ன இடத்தை விட்டு அசையல.

"பெத்த புள்ளையை விட அவ உனக்குப் பெருசாப் போயிட்டாளாம்மா?"ன்னு அவன் கத்தினான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பக்கத்துல பிரியா, "அத்தை..."ன்னு வாயைப் பொத்திக்கிட்டு அழறா.

நாகம்மாக்கா குரல் பஸ்ஸுக்குள்ள வரைக்கும் கேட்டுச்சு.

"ஆமாடா. கம்பெனி கேட்டுல வந்து நிப்பேன்னு காலையில நீ கத்தினப்பவே, நேரா மகளிர் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் குடுத்துட்டேன். வீட்டுப் பூட்டையும் மாத்தியாச்சு. இன்னியிலருந்து என் மருமக என்கூட இருப்பா. என் வீட்ல இனி இடமில்ல... உனக்கு!"