ஒரு வாய் கேக்

"எனக்கு அலர்ஜி. வேண்டாம், தேங்க்ஸ்."

சொல்லிவிட்டு என் மகள் வாயை இறுக மூடிக்கொண்டாள். டாக்டர் நீட்டிய ஸ்பூனில் இருந்தது பட்டாணி அளவுகூட இல்லாத ஒரு துணுக்கு கேக்.

காலையிலிருந்து இது எத்தனையாவது முறை என்று எண்ணுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

இந்த ஒரு நாளுக்காகப் பல மாதம் காத்திருந்தோம். ரத்தப் பரிசோதனையில் அலர்ஜியின் அளவு குறைந்திருக்கிறது, முட்டை அலர்ஜி விலகியிருக்கலாம், ஆனால் ஆஸ்பத்திரியில் தங்கள் கண் முன்னால் சாப்பிட வைத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார் டாக்டர். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, தடிப்பு வருகிறதா, மூச்சு இழுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒன்றும் ஆகாவிட்டால் பள்ளியில் அவள் தனி மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதில்லை. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்தத் தனி மேசை ஜன்னல் ஓரமாக இருக்கிறது. நல்லா வேடிக்கை பார்க்கலாம்மா என்பாள். கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

கேக்கை நான்தான் செய்தேன், ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த அளவுப்படி. அவளைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வருஷக்கணக்கில் எங்கள் சமையலறைக்குள் நுழையாத முட்டையைத் திருடி மாதிரி உடைத்தேன். பிறகு பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

இங்கே வந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று அவள் புறங்கையில் ஊசி குத்திச் சின்னக் குழாய் ஒன்றை வைத்தார்கள். அதற்குக்கூட அவள் அழவில்லை. சரி, இன்று எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இதில் முட்டை இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டாள். டாக்டர் நல்ல மனுஷி, பொய் சொல்லத் தெரியாதவர். இருக்கிறது, ஆனால் இன்றைக்குச் சாப்பிடலாம் என்றார்.

அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவே இல்லை, வேண்டாம் என்று சொல்வதற்கு அல்லாமல்.

நர்ஸ் கொஞ்சிப் பார்த்தார். டாக்டர் தானே ஒரு துண்டைத் தின்று காட்டினார். நானும் தின்றேன்; ஆகா ஓகோ என்று மென்றேன்.

"ஒரே ஒரு வாய்டா கண்ணு, அம்மாவுக்காக."

தலையை ஆட்டினாள். சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றேன். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு மிரட்டினேன்.

ஒவ்வொரு முறையும் மறுத்துவிட்டு என் முகத்தைத்தான் பார்த்தாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு வேறு. ஆறு வயதில் இவ்வளவு அழுத்தமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நடுவில் அவள் அப்பா, சாப்பிட்டாளா, சாப்பிட்டாளா என்று அலுவலகத்திலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். நீங்களே வந்து ஊட்டுங்கள் என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

மதியம் தாண்டியதும் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். முழு அளவும் சாப்பிட்ட பிறகு வெகுநேரம் கண்காணிக்க வேண்டும், இனி ஆரம்பித்தாலும் இன்றைக்கு முடியாது என்றார். கோபப்படாமல் சொன்னார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அடுத்த தேதி எப்போது என்று கேட்டேன். அடுத்த வருஷம்தான் இடம் இருந்தது.

நர்ஸ் குழாயை எடுத்துவிட்டு, பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டினார். மீதிக் கேக்கை என்னிடமே கொடுத்தார். வராந்தாவில் கண்ணில் பட்ட முதல் குப்பைத் தொட்டியில் டப்பாவோடு அதைப் போட்டேன்.

லிஃப்டுக்காக நின்றபோது பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தினேன். பேசினால் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் அடித்துவிடுவேன்.

அவள்தான் என் கைப்பையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, இந்த டெஸ்ட்லயும் நான் ஜெயிச்சிட்டேன்ல? மாமா பிஸ்கட் குடுத்தப்ப, பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஐஸ்கிரீம் குடுத்தப்ப எல்லாம் உடனே கண்டுபிடிச்சிட்டேன். டாக்டர் ஆன்ட்டிதான் ரொம்ப நல்லா நடிச்சாங்க."



பள்ளியில் சேர்ப்பதற்கு முன்னால், யார் எதைக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்று அவளைப் பழக்கியவள் நான். தெரிந்தவர்கள் ஒவ்வொருவரையும் பிடித்து, அவளிடம் தின்பண்டம் நீட்டச் சொன்னேன். கெஞ்சச் சொன்னேன், அவர்களே தின்று காட்டச் சொன்னேன். கடைசியில் நானே நீட்டினேன். அம்மா கொடுத்தாலும் முட்டை இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்றேன். அவள் மறுத்தபோதெல்லாம் கைதட்டி, புறங்கையில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டினேன்.

அந்த ஸ்டிக்கர் அட்டை இன்னும் என் பையில்தான் இருக்கிறது.

லிஃப்ட் வந்து, திறந்து, எங்களை ஏற்றாமலேயே மூடிக்கொண்டது.

அவள் பிளாஸ்திரி ஒட்டிய கையை என் முன்னால் நீட்டினாள்.

"இன்னைக்கு ரெண்டு ஸ்டிக்கர்மா. கேக்குக்கு ஒண்ணு, ஊசிக்கு ஒண்ணு."