மூணாவது சுத்து

“அறிவு, ஆரம்பிக்கிறப்ப நல்லாத்தான் நடக்குற. மூணாவது சுத்துல பஸ்ஸப் பிடிக்கப் போறவ மாதிரி ஓடுற. பாடுறவங்க எல்லாம் உன் பின்னாடியே ஓடி வரணுமா?”

போன வாரம் அறிவுச்செல்வி கிட்டார் வாசித்ததைக் கேட்டுவிட்டு, மாடிப்படியில் நின்று ஆல்வின் இப்படித்தான் கத்தினான். மாதா கோயில் பாடற்குழுவுக்கு அவன்தான் பொறுப்பு.

“சனிக்கிழமை நாலு மணிக்கு வாரேன். அப்பவும் ஓடுனா, ஞாயித்துக்கிழமை பூசைக்கு ஆனந்த்ராஜ் வாசிக்கட்டும்.”

அறிவுச்செல்விக்கு ஆனந்த்ராஜ் என்றாலே ஆகாது. போதாக்குறைக்கு, பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா இருப்பவளிடம், ‘அடுத்து என்ன பண்ணப் போற?’ என்று கேட்காத ஒரே ஜீவன் அந்தக் கிட்டார்தான்.

தினமும் மதியம் உட்கார்ந்தாள். தந்திகளில் கை போகவேண்டிய திசையை முணுமுணுத்துக்கொண்டே வாசித்தாள்: கீழ, கீழ மேல, மேல கீழ மேல.

அவள் தொடங்கியதும் கீழே காத்தமுத்துவின் பரோட்டாக் கடையிலும் தொடங்கிவிடும். டக்கு, டக்கு டக்கு. கொத்துப் பரோட்டா. வாரம் முழுக்க இதே கதை.

சனிக்கிழமை, ஆல்வின் வரக் கால் மணி நேரம் இருக்கும்போது அவளுக்குப் பொறுமை போய்விட்டது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கடையின் தகரக் கூரைதான் தெரிந்தது. அதைப் பார்த்தே பேசினாள்.

“அண்ணே, கேலி பண்றீங்களா? நான் வாசிச்சா கொத்துறீங்க, நிறுத்துனா நிறுத்துறீங்க. எனக்குக் காது இல்லன்னு நினைப்பா?”

கூரைக்கு அடியிலிருந்து காத்தமுத்துவின் குரல் வந்தது.

“தொந்தரவா இருக்காம்மா? சரி, விடு. அடிக்கல.”

நாலு மணிக்கு ஆல்வின் வந்தான். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

“ம்.”

முதல் சுத்து நன்றாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூணாவதில் கை தானாக ஓட ஆரம்பித்தது. அவளுக்கே தெரிந்தது; நிறுத்தத்தான் முடியவில்லை. ஆல்வின் நாற்காலியை விட்டு எழப் போனான்.

டக்கு.

கீழேயிருந்துதான்.

டக்கு, டக்கு டக்கு. நிதானமாக வந்தது. ஓடிய கை அதைக் கேட்டு நின்றது. பிறகு அதோடு சேர்ந்து நடந்தது. நாலு, அஞ்சு, ஆறு. ஏழாவது சுத்தில் கீழே சத்தம் நின்றுபோனது. அவள் கை மட்டும் அதே நடையில் போய்க்கொண்டிருந்தது.

“பரவால்லயே,” என்றான் ஆல்வின். “நாளைக்கு நீயே வாசி. ஆனா அந்தக் கடைக்காரர்ட்டச் சொல்லி வை. நடுவுல நடுவுல கொத்திக்கிட்டு, பெரிய இம்சை.”

“சொல்றேன். இருங்க, உங்களுக்கு ஒரு கொத்துப் பரோட்டா வாங்கிட்டு வாரேன்.”

ரெண்டு ரெண்டு படியாக இறங்கினாள். காத்தமுத்து கல்லுக்கு முன்னால் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஒரு கொத்துப் பரோட்டா. பார்சல்.”

“ஆறு மணிக்கு மேல வாம்மா,” என்றார் அவர். “இன்னும் அடுப்பே பத்த வைக்கல.”