தேரை புதைத்த மைதானம்

ஒன்பது கோப்பை வென்று அர்ஜென்டினாவையே ஆட்டிப்படைத்த மொலினோஸ் கால்பந்து அணி, நேற்று இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது.

இன்று காலை கிளப் தலைவர் எவாரிஸ்டோ, ஸெனோன் வீட்டு வாசலில் நின்றார். மூன்று வருடம் முன்பு இறுதிப் போட்டியில் தோற்றதும், "புல்லு சரியில்லை, அதான் தோத்தோம்" என்று எல்லார் முன்னிலும் பழிபோட்டு, மைதானப் பராமரிப்பாளர் ஸெனோனைத் துரத்திய அதே தலைவர்.

"மைதானத்துல தேரை புதைச்சு சூனியம் வெச்சேன்னு அப்பவே சலூன்ல சொன்னியாமே! மூணு வருஷமா தோண்டறேன். பாதிரியார் வந்து மந்திரிச்சும் பாத்தாச்சு. ஒரு எலும்புகூடக் கிடைக்கலை. எங்கேய்யா புதைச்சே?"

ஸெனோன் நிதானமாக மாத்தே மூலிகைத் தேநீரை உறிஞ்சினார். "எங்கெல்லாம் தோண்டினீங்க, தலைவரே?"

"தோண்டாத இடமே இல்லை!"

"மூடின குழியில கால் புதைஞ்சு எத்தனை பேருக்கு முட்டி போச்சு?"

"நம்ம கோல் மன்னன், கேப்டன், ரெண்டு தடுப்பாட்டக்காரங்க..." எண்ணிக்கொண்டே வந்த எவாரிஸ்டோவின் விரல் நின்றது. முகம் வெளுத்தது.

"தேரையும் இல்லை, சூனியமும் இல்லை. சும்மா சொல்லிவெச்சேன்." ஸெனோன் சிரித்தார். "புல்லாலதான் தோத்தோம்னு அன்னிக்குச் சொன்னீங்களே, அது பொய். இப்போ போய்ச் சொல்லுங்க தலைவரே, அத்தனையும் உண்மை!"