ஆறு முப்பத்தெட்டு

"அப்பா, விருந்து ஆறரைக்கு! கடைசி நாள் வேற. லேட்டாப் போனா நம்ம டேபிளை யாருக்காவது தூக்கிக் கொடுத்துடுவான்."

"கொடுத்துட்டுப் போறான். நான் வரல."

அந்தச் சுற்றுலாக் கப்பல் அறையில் நான்கு பேர் நின்றால் மூச்சு விட முறை வைக்க வேண்டும். அதிலும் பெட்டிகளைக் கட்டி ராத்திரிக்குள் வாசலில் வைத்துவிட வேண்டும் என்று உத்தரவு. மருமகள் ஒரு பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்து அதன் வாயை மூடப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் கோட்டு போட்டு வியர்த்து வழிந்தான்.

"கேப்டனே வந்து எல்லாரோடவும் போட்டோ எடுத்துக்கறாராம் மாமா. காலையில இறங்கிடுவோம். இனிமே எப்ப வரப்போறோம்?" என்றாள் மருமகள்.

"அதையேதாம்மா நானும் சொல்றேன். இனிமே எப்ப வரப்போறோம்? ஆறு முப்பத்தெட்டுக்கு சூரியன் கடல்ல விழுது. அஞ்சு நாள்ல இன்னிக்குத்தான் வானம் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. நானும் உங்க அத்தையும் மேல போறோம்."

டீச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முப்பது வருஷம் மூன்றாம் வகுப்பு எடுத்தவளைத் தெருவே டீச்சர் என்றுதான் கூப்பிடும். கட்டிய கணவரும் அப்படியே பழகிவிட்டார். அவரைத் தெரு கூப்பிடுவது கப்பல்காரர் என்று. சரக்குக் கப்பல்களில் இருபத்திரண்டு வருஷம் மெக்கானிக் வேலை. வருஷத்தில் பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. அந்தப் பத்து மாதமும் டீச்சர் குடும்பம் நடத்தியது அவருடைய கடிதங்களோடுதான்.

ஆனால் என்ன கடிதங்கள்! 'இன்று சூரியன் செம்புத் தட்டு மாதிரி இருந்தது. தண்ணீரைத் தொட்டதும் கடல் அதை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டது.' இதையெல்லாம் தான் மட்டும் படித்து வைத்துக்கொள்ள மனசு வராமல், வகுப்பில் டிக்டேஷன் போடுவாள். 'விழுங்கிவிட்டது' என்பதைத் தப்பாக எழுதி அவளிடம் குட்டு வாங்கிய பிள்ளைகளுக்குக் கணக்கே கிடையாது.

அவர் பக்கத்தில் நின்று அந்தச் சூரியன் கடலில் விழுவதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். மகன் கப்பலில் கூட்டிப்போகிறேன் என்றபோது, முட்டி வலியையும் மறந்து அவள் தலையாட்டியது அதற்காகத்தான். முதல் மூன்று நாளும் மழை மேகம். நான்காம் நாள் கப்பல் துறைமுகத்தில் நின்றது. சூரியன் எதிரே இருந்த ஹோட்டலுக்குப் பின்னால் போய் விழுந்து தொலைந்தது. மிச்சம் இருந்தது இன்றைக்கு ஒரு நாள்.

"போங்க, போங்க. போட்டோவுல நாங்க ரெண்டு பேரும் அநாதை மாதிரி நிக்கறோம்," என்று மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. "பிள்ளை ஆசையாக் கூட்டிட்டு வந்திருக்கான். பேசாம விருந்துக்கே போயிடலாமாங்க?"

"மணி ஆறு இருபது. நீங்க நடங்க டீச்சரம்மா!"

சொல்லும்போதே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். எனக்காக, பெற்ற பிள்ளையையே பகைத்துக்கொள்கிறாரே இந்த மனுஷர் என்று அவள் உருகிப்போனாள்.

லிஃப்ட் முழுக்க விருந்துக்குப் போகிற கூட்டம். மேல்தளம் வரை மூன்று மாடியையும் படியிலேயே ஏறினார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால், அங்கே சூரியனும் இல்லை, ஒன்றும் இல்லை.

"என்னங்க இது, இந்தப் பக்கம் வெறும் தண்ணிதான் இருக்கு!"

அவர் திருதிருவென்று விழித்தார். துண்டு மடித்துக்கொண்டிருந்த பணியாளரிடம் ஓடினார். அந்த ஆள் சிரித்துக்கொண்டே எதிர்ப்பக்கம் கையைக் காட்டினான்.

"இருபத்திரண்டு வருஷம் கப்பல்ல இருந்தவருக்கு மேற்கு எதுன்னு தெரியல. நல்ல கப்பல்காரர் போங்க!"

வழக்கமாக இதற்குப் பத்து பதில் வைத்திருப்பார். இன்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். அறுபத்தாறு வயசு ஓட்டம். மறுபக்கக் கம்பியை எட்டிப் பிடித்தபோது மணி ஆறு முப்பத்தைந்து.

அம்மாடியோ!

எத்தனை பெரிசு! வீட்டு வாசலில் தினமும் பார்க்கிற சூரியனா இது? தண்ணீரை நெருங்க நெருங்க அதன் அடிப்பாகம் அகன்று, கழுத்தில்லாத பானை மாதிரி ஆனது. அங்கிருந்து கப்பலின் அடி வரைக்கும் கடல் முழுக்க ஒரே தங்கம். சுற்றி நின்ற ஐம்பது பேரும் கப்சிப். மெல்ல, மிக மெல்ல, பாதியாகி, கீற்றாகி, கடைசியில் நகத்துணுக்கு அளவுக்கு நின்றது. நின்றது, நின்றது, போய்விட்டது. போன பிறகுதான் வானமே பற்றிக்கொண்டது. உடம்பெல்லாம் புல்லரித்து, தன்னை அறியாமல் அவள் கைகூப்பியிருந்தாள்.

ஆனாலும் டீச்சர் டீச்சர்தானே?

"ஏங்க, கடல் ஒரே மடக்குல விழுங்கிடும்னுதானே எழுதுவீங்க? இது என்னடான்னா சப்பையாகி, நின்னு நிதானமால்ல போகுது! அதை ஏன் ஒரு கடுதாசியிலகூட எழுதல?"

கேட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி, திறந்த வாய் மூடாமல் நின்றிருந்தார் கப்பல்காரர். கன்னம் இரண்டும் நனைந்திருந்தன.

"எனக்கு எப்படித் தெரியும் டீச்சரம்மா?" என்றார். "சாயங்காலம் நாலுலேர்ந்து எட்டு வரைக்கும் கீழ இன்ஜின் ரூம்ல எனக்கு டியூட்டி. இருபத்திரண்டு வருஷமும் அதே டியூட்டிதான். அந்தச் சூட்டையும் சத்தத்தையும் எழுதினா நீங்க அழுவீங்கன்னு, எட்டு மணிக்கு டியூட்டி முடிஞ்சு மேல வந்ததும் சமையல்காரரைக் கேட்டுக் கேட்டு சூரியனை எழுதினேன். கடல்ல அது விழறதை நானும் இன்னிக்குத்தான் பாக்கறேன்."