மேலச்சும் கீழச்சும்

ஒரு நாட்டின் நாணயச் சாலையில் இரண்டு எஃகு அச்சுகள் இருந்தன. மேலச்சில் ராணியின் முகம் இருந்தது, கீழச்சில் ஒரு மயில். நடுவில் தங்க வில்லையை வைத்து இரண்டும் சேர்ந்து அழுத்தினால் நாணயம் பிறக்கும்.

மேலச்சு நாள் முழுவதும் கீழே இறங்கி வந்தது. ஒவ்வொரு முறையும் தங்கம் குறுக்கே இருந்தது.

"இத்தனை வருஷத்தில் உன்னை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை," என்றது மேலச்சு.

"தொட்டால் இரண்டு பேர் கதையும் முடிந்தது. பேசாமல் வேலையைப் பார்."

"உனக்கு ஆசையே இல்லையா?"

நடுவில் நசுங்கிக்கொண்டிருந்த புது நாணயம்தான் கத்தியது. "நல்ல ஜோடி ஐயா நீங்கள்! கொஞ்சுவது நீங்கள், முதுகு வலி எனக்கா?" அதுவும் உருண்டு போய்விட்டது.

ஒரு மத்தியானம், வில்லை வைக்கும் ஆள் கொட்டாவி விட்டான். நடுவில் தங்கம் இல்லை. மேலச்சு இறங்கத் தொடங்கிவிட்டது.

"வராதே" என்று கீழச்சு சொல்லவில்லை.

எஃகும் எஃகும் மோதின. ராணியின் கன்னத்தில் தோகையின் கோடுகள் பதிந்தன. மயிலின் கழுத்தில் ராணியின் மூக்கு பதிந்தது.

"இரண்டும் கெட்டுப்போச்சு, கழற்று," என்றார் மேற்பார்வையாளர். கீழச்சை அன்றே உருக்கிவிட்டார்கள். மேலச்சை, காகிதம் பறக்காமல் இருக்க அவர் தன் மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

வருகிறவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "ராணி கன்னத்தில் என்ன சார், கீறலா?" என்று கேட்பார்கள்.

"கீறல் இல்லை, தோகை," என்று மேலச்சு ஒவ்வொருவரிடமும் சொல்கிறது. மனிதர்களுக்கு அது கேட்பதில்லை.