எல்லோருக்கும் முதலிடம்

திரையில் எல்லாமே முதல் வரிசையில் நின்றன.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல்.

மருத்துவமனை வைஃபையில் எது முன்னே போக வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்வது இந்தக் கண்ட்ரோலர்தான். அவளுக்கு முன்பு இதைப் பார்த்துக்கொண்டவர் நல்ல மனிதர். யார் வந்து கேட்டாலும் முதலிடம் கொடுத்திருக்கிறார். கேன்டீன் பில் மெஷினுக்கு முதலிடம். கார் நிறுத்தும் இடத்துக் கேமராவுக்கு முதலிடம். எம்.டி. அறை டிவிக்கும், நோயாளியைப் பார்க்க வருகிறவர்களின் செல்போன்களுக்கும்கூட.

எல்லோரும் முந்தினால் யார்தான் முந்துவது?

காலையிலிருந்து நர்ஸ்களின் வைஃபை போன்கள் விக்கிக்கொண்டிருந்தன. வார்டிலிருந்து கூப்பிட்டால் டாக்டர் காதில் பாதிதான் விழுந்தது.

அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் கமிட்டி போடுவார்கள்.

கேன்டீனைக் கீழே இறக்கினாள். கேமராவை இறக்கினாள். எம்.டி.யின் டிவியை இறக்கும்போது கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

பார்வையாளர்களைக் கடைசியில் போட்டாள்.

நர்ஸ் போன்கள் மட்டும் மேலே.

அவள் செல்போன் அடித்தது. அம்மா. நான்காவது மாடி வார்டில், ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் அப்பாவின் கட்டிலருகே இருந்து பேசினாள். இன்னொரு கையில் அப்பாவின் போன். தோஹாவிலிருக்கும் தம்பி இசக்கிக்கு வீடியோவில் அவரைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, இசக்கி மூஞ்சி அப்படியே நின்னு போச்சு. நீ அங்கதான இருக்க, கொஞ்சம் பாரேன்.”

பார்க்கலாம். பட்டியலில் அப்பாவின் போன் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் மேலே வந்துவிடும். தம்பி முகம் அசையும். அப்பா கண் திறந்தால் பார்ப்பார்.

விரல் அந்த வரிக்குப் போனது.

அந்த நல்ல மனிதரும் இப்படித்தான் ஆரம்பித்திருப்பார்.

“பொறும்மா.”

தட்டவில்லை.

முதல் வரிசையில் ஓர் அழைப்பு எழுந்தது. நான்காவது மாடி நர்ஸ் மேசையிலிருந்து டூட்டி டாக்டருக்கு. ஒரு விக்கல் இல்லை. அவள் நினைத்தபடியே சீராகப் போய்ச் சேர்ந்தது. பெருமையாக இருந்தது.

அம்மா இன்னும் லைனில்தான் இருந்தாள்.

“ஏட்டி, டாக்டரு ஓடி வாராரு.”

காலடிச் சத்தம் போனில் கேட்டது. நெருங்கியது.

அம்மாவைத் தாண்டிப் போகவில்லை.