நம்பரைச் சொல்லு

“நம்பரைச் சொல்லு, கவசத்தை எடுத்துக்கோ” என்றாள் ஸ்டோர் அக்கா.

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் பூட்டும் சாவியுமாக அவள். இந்தப் பக்கம், இரண்டு கையிலும் பட்டித்துணி சுற்றி முடித்த வாண்டு. ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு என்பதால் அந்தப் பெயர். வயது இருபத்திரண்டு.

குத்துச்சண்டைக் கூடத்தில் அன்று தேர்வுப் போட்டி. காலை அரையிறுதியில் வாண்டு ஜெயித்துவிட்டாள். நெற்றியில் ஒரு முட்டு வாங்கியிருந்தாள். டாக்டர் விரலைக் காட்டி எண்ணச் சொன்னார், ஸ்கோர் கேட்டார், சரி என்று விட்டுவிட்டார்.

மூன்று மணிக்கு இறுதிப் போட்டி. அதிலும் ஜெயித்தால் துறைமுகத்து அணியில் இடம். கூடவே நிரந்தர வேலை. நான்கு வருடம் இரண்டு மாதமாக அவள் வியர்வை சிந்தியது அதற்குத்தான்.

தலைக்கவசம் இல்லாமல் மேடை ஏற முடியாது. கூடத்திலிருந்த பதினெட்டுக் கவசமும் அக்காவின் பூட்டுக்குள்.

அக்காவிடம் ஒரு வழக்கம். காலையில் கவசம் கொடுக்கும்போது ஆளுக்கொரு மூன்று இலக்க நம்பர் சொல்லிப் பதிவேட்டில் எழுதிக்கொள்வாள். தினமும் வேறு நம்பர். ஆடி முடித்துத் திருப்பிக் கொடுக்கும்போதும், மறுபடி வாங்கும்போதும் அதைச் சொல்ல வேண்டும். கையில் எழுதிவைத்துப் பார்க்கக் கூடாது. முதுகுக்குப் பின்னால் அவளை ‘நம்பர் பூதம்’ என்பார்கள்.

“நானூத்தி... நானூத்தி முப்பது... அக்கா, உன் நோட்டுலதான் இருக்குமே, பாத்துக் குடேன்.”

“நோட்டுல இருக்கறது எனக்கு. நீ சொல்லு. திருப்பிக் குடுக்கும்போதும் நீ வரல, மாஸ்டர்தான் கொண்டாந்து வெச்சார்.”

“நானூத்தி முப்பத்தஞ்சு?”

“இல்ல.”

“படபடப்பா இருக்குக்கா. நாலு வருஷத்துல ஒரு நாளாவது தப்பாச் சொல்லியிருக்கேனா?”

“ஒரு நாளும் இல்ல.”

“அப்புறம் என்ன? இன்னிக்கு ஒரு நாள் விடேன்.”

“மாட்டேன்.”

வாண்டுக்குப் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் மூச்சிரைக்க ஓடிவந்தார். “இங்க என்ன கொலு வீத்திருக்கே? மேடைக்குக் கூப்பிடறாங்க!”

“நம்பர் மறந்துட்டா, மாஸ்டர்.”

“மறந்தா என்னம்மா? மூஞ்சி தெரியலையா உனக்கு?”

“மூஞ்சி தெரியுது. நம்பர் வரல.”

“நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். கவசம் தொலைஞ்சா என்னைக் கேளு. போதுமா?”

“போதாது. அவ வாயால நம்பர் வரணும்.”

மாஸ்டர் கம்பிக் கதவை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். “ஒரு பொண்ணோட பொழப்பை விட உனக்கு ஒரு நம்பர் பெரிசாப் போச்சா? நீயெல்லாம் மனுஷிதானா?”

கூட்டம் கூடிவிட்டது. “பூதத்துக்கு இன்னிக்கு நரபலி வேணுமாம்” என்று யாரோ சொன்னார்கள். சிலர் சிரித்தார்கள்.

 அக்கா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நாற்காலியைக் கதவுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மூன்று மணிக்கு முதல் அழைப்பு. மூன்று இரண்டுக்கு இரண்டாவது. மூன்று நான்குக்கு மூன்றாவது.

பிறகு மேடையில் தனியாக நின்ற எதிராளியின் கையைத் தூக்கிக் காட்டினார்கள்.

வாண்டு கதவோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். “பாவி! என் வயித்துல அடிச்சுட்டியே!”

 அக்கா பூட்டைத் திறந்து தண்ணீரோடு வெளியே வந்தாள்.

அதைத் தட்டிவிட எழப் பார்த்த வாண்டு, முடியாமல் அங்கேயே வாந்தி எடுத்தாள். இரண்டாவது முறை எடுத்தபோது கண் செருகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். காலையில் வாங்கிய முட்டில் உள்ளே லேசாக ரத்தம் கசிந்திருந்தது.

“கவசம் தோலைக் காக்கும். உள்ள மூளை குலுங்கறதை அது எப்படித் தடுக்கும்? இன்னொரு அடி விழுந்திருந்தா மேடையிலேருந்து தூக்கிட்டுத்தான் வந்திருப்பீங்க” என்றார் அங்கிருந்த டாக்டர்.

கண் விழித்த வாண்டு மாஸ்டரிடம் மெல்லச் சொன்னாள். “காலையில ஸ்கோர் கேட்டாரே... அவர் முதுகுக்குப் பின்னால பலகை இருந்துச்சு. பார்த்துத்தான் சொன்னேன்.”

மறுநாள் காலை மாஸ்டர் ஸ்டோருக்கு வந்தார். அக்கா ஈரத்துணியால் கவசங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பொழைச்சுட்டா. ஆறு மாசம் மேடைப் பக்கமே போகக் கூடாதாம். அடுத்த தேர்வுக்கு வருவேன்னு இப்பவே அடம் பிடிக்கறா.”

“வரட்டும்.”

“நேத்து வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதே. ஆனா பாரு, உன் கணக்குப் பைத்தியம் ஒரு உசிரைக் காப்பாத்திடுச்சு. குருட்டு அதிர்ஷ்டம்!”

அக்கா துடைப்பதை நிறுத்தவில்லை.

“சரி, அவ போட்டிருந்த கவசத்தை எடு. உள்ள பஞ்சு அமுங்கியிருக்கான்னு பாக்கணும். எந்த நம்பர்?”

“நேத்து நம்பர் நோட்டுல இருக்கு. நீங்களே பாத்து எடுத்துக்கங்க.”

மாஸ்டர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். வெளிப்பக்கம், உள்பக்கம், தாடைப் பட்டிக்கு அடியில். பதினெட்டையும் பார்த்து முடித்தார்.

“என்னம்மா இது? ஒண்ணுலகூட நம்பரே இல்லையே!”

“நம்பர் கவசத்துக்கு இல்ல மாஸ்டர், தலைக்கு” என்றாள் அக்கா. “தலை கலங்கியிருக்குன்னு ஸ்டோர் பாக்கறவ சொன்னா யாரும் நிக்க மாட்டீங்க. கணக்கு உதைக்குதுன்னா நிப்பீங்க.”